நன்றிப் பகுதியில் முப்பத்தொரு பெண்கள்

மருத்துவ இதழுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்புவதும் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பதும் ஒரே வேலைதான் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். பல வருடமாக எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் நோட்டீஸை எழுதுகிறவன் நான். அதற்கு ஒரே ஒரு விதிதான்: யார் பெயரும் விடுபடக் கூடாது. விடுபட்டால் அந்தக் குடும்பம் அடுத்த வருடம் தேர் வடத்தைத் தொடாது. (ஒரு முறை ஒலிபெருக்கிக்காரர் பெயரை விட்டுவிட்டேன். அந்தத் திருவிழாவில் மைக் வாயே திறக்கவில்லை. பழுது என்றார்.)

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவ உதவியாளர். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, அதற்கு மேல் போனால் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுப்பது. மக்கள் மரியாதைக்கு ‘டொக்டரையா’ என்பார்கள். நானும் ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்படி இருந்தவனை ஆய்வாளன் ஆக்கியவர் டொக்டர் ரிஸ்னா. பதுளையில் வேலை செய்கிற இளம் டொக்டர். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு ஏறினால், மாலை கொழுந்து நிறுக்கும் வரை அடக்கிக்கொண்டே நிற்பார்கள். அதற்குப் பயந்து தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வரும். அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். இதை எழுதி ஒரு நல்ல இதழில் போட்டால் யாராவது மலையில் கழிவறை கட்டுவார்கள் என்பது ரிஸ்னாவின் எண்ணம்.

முப்பத்தொரு பெண்கள் சம்மதித்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துப் பேசியவர் பார்வதி. கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, வாயும் அதே வேகம். அன்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“பேரு வெளிய போகாதுல்ல, டொக்டரையா? எங்க வீட்டு ஆளுக்கே தெரியாது இது.”

“ஒரு எழுத்துக்கூடப் போகாது” என்று என் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்தேன். (அப்போது அதில் கொஞ்சம் முடியும் இருந்தது.)

சொன்னபடி கட்டுரையில் ஒரு பெயரும் இல்லை. அட்டவணையில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண்கள் மட்டும். யாருக்கு எத்தனை பிள்ளை, எத்தனை முறை தொற்று, என்ன மருந்து என்று எல்லாம் எண்ணுக்கு நேராக இருந்தது.

கட்டுரை அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் ரிஸ்னா எனக்குப் போன் எடுத்தார்.

“அங்கிள், நான் வார்ட்ல மாட்டிக்கிட்டேன். அஞ்சு மணியோட இதழ்காரங்க மூடுறாங்க. எல்லாம் ரெடி. நன்றிப் பகுதி மட்டும்தான் பாக்கி. நீங்க எழுதிச் சேத்து அனுப்பிடுங்க. சுருக்கமா.”

“நீங்க நோயாளியப் பாருங்க டொக்டர். இது என் வேல.”

நன்றி. அதுவும் என்னிடம். இருபது வருடப் பயிற்சியும் விரல் நுனியில் வந்து நின்றது. தோட்டத்து மேனேஜர், உயர்திரு பெரிய துரை அவர்களில் ஆரம்பித்தேன். சிறுநீர் மாதிரிப் போத்தல்களை மடியில் வைத்துப் பதுளைக்குக் கொண்டுபோன பஸ் கண்டக்டர், மழையில் குடை கொடுத்த கணக்கப்பிள்ளை, ஆய்வு தொடங்க நேரம் குறித்துக் கொடுத்த பூசாரி. பிறகு யோசித்தேன்: போத்தலை நிரப்பிக் கொடுத்த பெண்களை விட்டுவிட்டுப் போத்தலைத் தூக்கியவருக்கு நன்றி சொன்னால் அது நியாயமா? முப்பத்தொரு பெயரையும் போட்டேன். தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் குழப்பம் வரக் கூடாதென்று அவர்கள் குடியிருக்கும் லயத்து எண்ணையும், அதில் அவரவர் அறையான காம்பரா எண்ணையும் சேர்த்தேன். பெயர்களின் வரிசையில் யாருக்கும் மனக்குறை வரக் கூடாதென்று அட்டவணையில் இருந்த அதே வரிசையைப் பின்பற்றினேன்.

செய்த சத்தியம் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. கட்டுரையில்தான் பெயர் இல்லையே, இது வெறும் நன்றிதானே என்று அதற்குப் பதிலும் சொன்னேன்.

சிக்னல் தேயிலை பெக்டரி வளைவில்தான் நன்றாக வரும். மதிலில் லெப்டொப்பை வைத்தேன். தூறலுக்கு மேலே குடை பிடித்தது என் மனைவி சரோஜா.

“எம் பேரு இருக்கா?”

“கடைசில இருக்கு. ஊக்கமளித்த துணைவியார்னு.”

“கடைசியிலயா?” என்று குடையை அரை அடி நகர்த்தினார். என் கழுத்துக்குள் தண்ணீர் போனது.

இதழின் இணையத்தளம் கேள்வி மேல் கேள்வி கேட்டது. கேட்ட பெட்டியில் எல்லாம் ‘சரி’ போட்டேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பியாயிற்று. அன்று மத்தியானச் சோற்றை ஐந்தரைக்கு ஒரு விஞ்ஞானியைப் போலச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ரிஸ்னா மறுபடியும் போன் எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“அங்கிள், எனக்கொரு கொப்பி வந்திருக்கு. இந்த நன்றியில இருக்கிற பேரெல்லாம் யாரு?”

“நம்ம பொம்பளைங்கதான்.”

“அட்டவணையில பதினாலாவது ஆளுக்கு வருசத்துல ஆறு தரம் தொற்று. நன்றியில பதினாலாவது பேரு பார்வதி. லயம் நம்பரோட.”

நான் விரல் விட்டுப் பெயர்களை எண்ணிப் பார்த்தேன். பதினாலுதான்.

“இன்னொண்ணு. கட்டுரையப் பரிசீலிக்க முன்னமே எல்லாரும் வாசிக்கிற மாதிரி இணையத்துல போடலாமான்னு கேட்டிருக்காங்க. நீங்க சரின்னு போட்டிருக்கீங்க.”

பிரஷர் பார்க்கும் கருவியை எனக்கே கட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். திரும்பப் பெறுகிறோம் என்று ரிஸ்னா உடனே மின்னஞ்சல் அனுப்பினார். கிடைத்தது, வேலை நாட்களில் பதில் தருவோம் என்று ஒரு கணினி பதில் போட்டது. அன்று சனி. நான் பெக்டரி வளைவிலேயே குடியேறினேன். போனில் பார்வதியின் பெயரைத் தட்டித் தட்டித் தேடினேன். பிறகுதான் பயம் வந்தது: நானே இப்படித் தேடித் தேடி அந்தப் பெயரைப் பிரபலமாக்கிவிடுவேனோ?

ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல் பார்வதியிடமே போனேன். தண்ணீர் விழும் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“நன்றில போட்டீங்களா? சரி விடுங்க. இங்க நாலு பார்வதி இருக்கு. எந்தப் பார்வதின்னு எவனுக்குத் தெரியும்?”

“லயம் நம்பரும் போட்டிருக்கேன்.”

துணி அவர் கையிலேயே நின்றது.

“காம்பராவும்” என்றேன். சொல்லியிருக்கத் தேவையில்லை.

“இங்கிலீஷுலதான் இருக்கு, பார்வதி” என்று சமாளித்தேன்.

“எம்மக கெம்பஸ்ல படிக்கிறா. அவளுக்கு இங்கிலீஷு தெரியாதா?” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க மருந்து குடுக்கிற ஆளுன்னுதான் சொன்னேன். வேற எவன்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். போங்க, டொக்டரையா.”

அதற்குள் விஷயம் மற்றப் பெண்களுக்கும் போயிருந்தது. திங்களும் செவ்வாயும் டிஸ்பென்சரிக்குப் பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் தலைவலி. ஒருத்தி நிற்க முடியாமல் நின்றாள், அவளுக்கும் தலைவலிதான். நான் பனடோலை எண்ணிக் கொடுத்தேன். இனி இந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் என்னிடம் உண்மையான நோயைச் சொல்ல மாட்டாள் என்பது அந்த இரண்டு நாளில் எனக்குப் புரிந்துவிட்டது.

புதன்கிழமை ரிஸ்னா போன் எடுத்தார்.

“அங்கிள், திருப்பி அனுப்பிட்டாங்க.”

“பேரப் பாத்துட்டாங்களா?”

“ஒருத்தரும் தொறந்தே பாக்கல. கட்டுரையில ஒவ்வொரு வரிக்கும் நம்பர் போடலன்னு கம்ப்யூட்டரே திருப்பிடுச்சாம். அதைச் சரியாக்காம எதுவும் உள்ள போகாது, வெளியவும் போகாது. எழுதிக் கேட்டு உறுதி பண்ணிட்டேன்.”

லயத்துக்கு எண் போட்டேன், காம்பராவுக்கு எண் போட்டேன், ஆளுக்கு எண் போட்டேன். வரிக்கு மட்டும் போடவில்லை. மதிலில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்க நேரம் எடுத்தது. (சரோஜா அதை அழுகை என்கிறார்.)

புதிய நன்றியை ரிஸ்னாவே எழுதினார். அதைப் பார்வதியிடம் வாசித்துக் காட்டினேன்: ஆய்வில் பங்குகொண்ட பெண்களுக்கு நன்றி.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இத மொதல்லயே எழுதியிருந்தா, நாலு நாளு எனக்குச் சோறு எறங்கியிருக்குமே.”

அடுத்த வாரம் அவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, தலைவலி இல்லை என்றார்.

இப்போதும் நான் கடைக்குச் சாமான் துண்டு எழுதினால் சரோஜா வாங்கிப் பார்த்து, “வரிக்கு நம்பர் எங்க?” என்கிறார். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தால் மச்சான்மார், “அத்தான், காம்பரா நம்பரையும் போடுங்க” என்கிறார்கள். கோயில் நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

கட்டுரை பிறகு வெளிவந்தது. அந்த முப்பத்தொரு பெயரையும் இன்றுவரை படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரிஸ்னா. மற்றவர் எழுதிய நான்.