நாற்பத்தொரு நிமிஷம்

பெரிய மலையை நாற்பத்தொரு நிமிஷத்தில் ஏறி முடித்த மகா மனிதர், மறுநாள் தன் கண்ணாடிக்கடையில் ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கண்ணாடியின் காம்பை வளைத்துக்கொண்டிருந்தார். தான் மலையேறிய விஷயம் அவருக்கே இன்னும் தெரியாது.

கைப்பேசி அடித்தது. மறுமுனையில் சைக்கிள் குழுவின் கேப்டன்.

"கண்ணாடி சார்! நாங்க எல்லாரும் வாயடைச்சுப்போய் உட்கார்ந்திருக்கோம் சார்!"

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேப்டன் அவரை ஒரு நாளும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. 'வாய்யா கண்ணாடி' என்பார். 'எங்கேய்யா இருக்கே?' என்பார். பெரும்பாலும் இரண்டாவதுதான், ஏனென்றால் எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழுவில் இவர் எப்போதும் அரை கிலோமீட்டர் பின்னால்தான் வருவார். அதனால் குழுவில் அவருக்கு 'வால்' என்று ஒரு பதவி. காற்றடிக்கும் பம்ப்பைச் சுமந்து வருவது வாலின் பொறுப்பு.

"என்ன ஆச்சு கேப்டன்?"

"என்ன ஆச்சா? பத்தொன்பது கிலோமீட்டர் ஏற்றம்! நாற்பத்தொரு நிமிஷம்! ஆப்புல இருக்கு. மூணு தடவை கண்ணைத் துடைச்சுட்டுப் பார்த்தேன்!"

அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

முந்தின நாள் அவர் சைக்கிளில் மலையடிவாரம் வரை தனியாகப் போனது உண்மை. குழுவில் எல்லாரும் வாய்க்கு வாய் பேசும் அந்த மலையைக் கீழே நின்றாவது ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. போன இடத்தில் பஞ்சர். பம்ப் இருந்தது, ஓட்டையை அடைக்க எதுவும் இல்லை. நல்ல வேளையாக மைத்துனன் சரக்கு வண்டியோடு அந்த வழியாக வந்தான்.

"ஏறிக்குங்க மாமா. மேல விடுதியில ஒரு ஃபிரிட்ஜை இறக்கிட்டு அப்படியே உங்களை வீட்டுல விட்டுடறேன்."

சைக்கிளைப் பின்னால் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தவர், முதல் வளைவு வருவதற்குள் தூங்கிவிட்டார். ஏறியதும் தெரியாது, ஃபிரிட்ஜ் இறங்கியதும் தெரியாது. வீட்டு வாசலில் மனைவி தட்டி எழுப்பியபோதுதான் வாயை மூடினார். ஆனால் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி தூங்கவில்லை. சைக்கிள் ஓட்டத்தை அளக்கும் செயலியை அவர் நிறுத்த மறந்திருந்தார். அது மலையின் ஒவ்வொரு வளைவையும் கணக்குப் பிசகாமல் எழுதி, அவர் பெயரில் ஊருக்கே தம்பட்டம் அடித்துவிட்டது.

"கேப்டன், அது வந்து... நான் ஒண்ணுமே பண்ணலை. சும்மா உட்கார்ந்துதான் வந்தேன்."

கேப்டன் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. "கேட்டீங்களா டாக்டர்? உட்கார்ந்துகிட்டே ஏறினாராம்! எழுந்து நின்னு மிதிக்கக்கூட இல்லையாம்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள், "இதுல யோசிக்க என்ன இருக்கு? வண்டியில தூங்கிட்டு வந்தேன்னு சொல்லித் தொலைங்க."

"உனக்குத் தெரியாது. போன வருஷம் ஒருத்தர் மோட்டார் பைக்ல போய் ஆப்புல கணக்குக் காட்டினார். அன்னைக்கே அவரை வெளியே அனுப்பிட்டாங்க."

"நீங்க வேணும்னா பண்ணினீங்க? மறதிதானே?"

"அவரும் மறதின்னுதான் சொன்னார்."

அவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டுக்கும் அவரை யாரும் சேர்த்ததில்லை. கல்யாணமான பிறகும் கடை, வீடு, கடை. நாற்பத்தாறு வயதில், எட்டு மாதத்துக்கு முன்னால்தான், அவருக்கென்று ஒரு கூட்டம் கிடைத்தது. என்ன கூட்டம்! கேப்டன் நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கெண்டைக்கால் சதையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். பல்டாக்டர் அம்மா இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓட்டுவார். தச்சர் நூறு கிலோ எடை, ஆனாலும் எதிர்காற்றில் பாட்டுப் பாடுவார். இந்த மூவரும் மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணாடிக்கடைக்காரர் வாய் பிளந்து கேட்பார். "பதினோரு வருஷமா மலைக்குப் போறோம்யா, அதோட கம்பீரமே தனி!" என்று கேப்டன் சொல்லும்போது அவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்படிப்பட்டவர்கள் வளைவுக்கு வளைவு நின்று வாலுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பை இழக்க அவருக்கு மனசே வரவில்லை.

மறுநாள் கேப்டன் குழுவுக்கு அறிவித்தார். இந்த வருஷ மலைப் பயணத்துக்குத் தலைமை, கண்ணாடி சார்.

"கண்டுபிடிச்சுட்டாங்க," என்று அவர் மனைவியிடம் முனகினார். "என்னை முன்னாடி விட்டு, எல்லார் கண்ணெதிர்லயும் குட்டை உடைக்கப் போறாங்க."

உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். முழங்கால் வலி என்று செய்தி அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் பல்டாக்டரும் தச்சரும் கடைக்கே வந்துவிட்டார்கள். பல்டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலை அமுக்கிப் பார்த்தார்.

"எங்கே, நல்லா வாயைத் திறங்க."

"டாக்டர், முழங்கால்."

"ஓ, ஆமா. பழக்கதோஷம். வலி எப்போலேர்ந்து?"

"அது... ரொம்ப நாளா இருக்கு டாக்டர்."

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. தச்சர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அன்னைக்கும் வலி இருந்துச்சா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா நாற்பத்தொரு நிமிஷம்?" தச்சரின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "சார், நீங்க மனுஷனே இல்லை சார்!"

இருவரும் ஒரு பெரிய தைலப் புட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலத்துக்குள் குழு முழுவதும் விஷயம் பரவி, ஒற்றைக்காலில் மலையேறியவர் என்ற அளவுக்கு வந்து நின்றது.

அடுத்ததாக, சாதனையையே கொஞ்சம் குறைத்துச் சொல்லிப் பார்ப்போம் என்று கேப்டனுக்குப் போன் போட்டார்.

"கேப்டன், அன்னைக்கு நல்ல பின்காற்று. அதுதான் தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. என் திறமை ஒண்ணும் இல்லை."

"காற்று பார்த்து ஏறுவீங்களா?" கேப்டனின் குரல் தழைந்துவிட்டது. "இது எங்களுக்குத் தோணவே இல்லையே சார்! அப்போ பயணத் தேதியையும் நீங்களே குறிச்சுக் கொடுத்துடுங்க."

இது கண்ணாடிக்கடைக்காரருக்கு வெல்லக்கட்டி. வானிலைச் செய்தியைத் தேடிப் பார்த்து, கனமழை என்று போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். மழையில் யாரும் வரமாட்டார்கள், பயணம் தானாகவே நின்றுவிடும்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நிம்மதியாகப் புரண்டு படுத்தார். வாசலில் ஏழு சைக்கிள் மணிகள் ஒன்றாக அடித்தன.

"என்ன மூளை சார் உங்களுக்கு!" என்றார் கேப்டன், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட. "மழையில ஏறினா உடம்பு சூடாகாதுன்னு கணக்குப் போட்டிருக்கீங்க பாருங்க!"

மனைவி ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கையைக் கீழே காட்டுவார், நிற்கச் சொன்னால் கையைத் தூக்குவார். பின்னால் வருகிறவர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் அதே சைகையைச் செய்து கடைசி ஆள்வரை கொண்டுபோவார்கள். எட்டு மாதமாகக் கடைசிச் சைகையைச் செய்து வந்தவர் இன்றைக்கு முதல் சைகையைச் செய்ய வேண்டியிருந்தது. ஊரைத் தாண்டும்போது ஒரு பூச்சி அவர் மூக்கைச் சுற்றியது. தலைக்கு மேல் கையை நாலு தடவை வீசி விரட்டினார். திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் பயபக்தியோடு தலைக்கு மேல் கையை வீசிக்கொண்டிருந்தார்கள்.

அடிவாரம் வந்தபோது மழை விட்டிருந்தது. பின்னாலேயே கேப்டனின் மனைவி தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிய வேனை ஓட்டி வந்து நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள், பழம் தின்றார்கள், மலை பின்னால் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஏழு பேரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மலை மேகத்துக்குள் போய் மறைந்திருந்தது. முடிகிற இடமே தெரியவில்லை. இதன் மேல் தூங்கிக்கொண்டே போய்விட்டு வந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"போலாமா சார்?" என்றார் தச்சர். குரல் லேசாக நடுங்கியதாகப் பட்டது. குளிராக இருக்கும்.

முதல் வளைவில் மூச்சு முட்டியது. மூன்றாவது வளைவில் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. நாலாவதில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பாறைமேல் விழுந்தார். சரி, இங்கேயே கதை முடிந்தது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வாயில் காற்றுதான் வந்தது.

பின்னால் ஏழு பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆளுக்கொரு பாறைமேல் விழுந்தார்கள்.

"நாலு வளைவுக்கு ஒரு ஓய்வு," என்று பல்டாக்டர் எல்லாருக்கும் சொன்னார். "நல்லா கவனிச்சுக்குங்க."

ஒன்பதாவது வளைவில் கால் மிதிக்க மறுத்தது. இறங்கித் தள்ள ஆரம்பித்தார். மானம் போனால் போகட்டும் என்று திரும்பிப் பார்த்தார். ஏழு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த இடம் தள்ளுற இடம் போல," என்றார் கேப்டன், மிகுந்த மரியாதையோடு.

என்ன பெருந்தன்மை என்று கண்ணாடிக்கடைக்காரர் உருகிப்போனார். பதினோரு வருஷம் ஏறிய கால்கள், இவருக்காகத் தள்ளுகின்றன! தெரிந்துகொண்டேதான் செய்கிறார்கள், சொல்லாமல் சகித்துக்கொள்கிறார்கள். அதை நினைக்க நினைக்க எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்து மிதித்தார். தச்சர் பின்னால் பாட ஆரம்பித்தார், மூச்சு வாங்கி இரண்டாவது அடியிலேயே நிறுத்தினார். பல்டாக்டர் மூன்றாவது அடியைப் பாடினார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு முன்னால் வந்தது, அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எத்தனை வளைவு போயிற்று என்று யாரும் எண்ணவில்லை.

மூன்றே கால் மணி நேரம் ஆயிற்று. திடீரென்று பெடல் லேசானது. ஏற்றம் முடிந்துவிட்டது.

மேகம் காலுக்குக் கீழே இருந்தது. வெள்ளைவெளேரென்று, அசையாமல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. அதற்கு நடுவில் ஒரு கிழிசல், அந்தக் கிழிசலுக்குள் இவர்கள் புறப்பட்டு வந்த ஊர் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. அவருடைய கடையும் அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது. ஈரச் சூரியன் முகத்தில் அடித்தது. காற்று சட்டையைப் படபடவென்று இழுத்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பெரிய உலகத்தில் நான் என் காலால் மிதித்து வந்து நிற்கிறேன் என்ற எண்ணம் மட்டும்தான் மனசில் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தது.

பக்கத்தில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். பல்டாக்டரின் வாய் நன்றாகத் திறந்திருந்தது.

இவ்வளவு பெரியதற்கு முன்னால் நின்றுகொண்டு பொய்யைச் சுமக்க அவரால் முடியவில்லை.

"என்னை மன்னிச்சுடுங்க," என்றார். "அன்னைக்கு நான் ஏறலை. பஞ்சர் ஆகி, மைத்துனன் சரக்கு வண்டியில தூங்கிட்டு வந்தேன். ஆப்பை நிறுத்த மறந்துட்டேன். சொல்லியிருக்கணும். உங்களையெல்லாம் விட்டுட்டு இருக்க முடியாதுன்னு பயந்துட்டேன். இந்த மலையை நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா ஏறியிருக்கேன். இனிமே என்னைச் சேர்த்துக்கறதும் சேர்த்துக்காததும் உங்க இஷ்டம்."

தச்சர் குனிந்து சைக்கிள் செயினை ஆராய்ந்தார். பல்டாக்டர் வாயை மூடிக்கொண்டார். கேப்டனின் முகம் சிவந்துபோயிருந்தது. கோபம்தான், வேறென்ன என்று நினைத்து அவர் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றத் தொடங்கினார்.

வேன் உறுமிக்கொண்டு வந்து பின்னால் நின்றது. கேப்டனின் மனைவி இறங்கினார். மேகத்தைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார், வரிசையாக நின்ற ஏழு பேரையும் பார்த்தார். பிறகு நேராகக் கண்ணாடிக்கடைக்காரரிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தம்பி, பதினோரு வருஷமா கீழேயே பழம் தின்னுட்டுத் திரும்பி வர்றவங்க, வழி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கிடைச்சாரேன்னு உங்களை நம்பி இன்னைக்குத்தான் மேல ஏறியிருக்காங்க!"