ஈசானி மூலையில் ஒரு வாடகை ஸ்கூட்டர்

"பொதுப் பாதையை மறித்து வாடகை மின் ஸ்கூட்டரை நிறுத்தியது குறித்துத் தாங்கள் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும்." பேரூராட்சி அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த அறிவிப்பின் முதல் வரி இது. கைக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலை 11.20. கூடவே ஒரு புகார் மனுவின் நகலை இணைத்திருந்தார்கள். கையெழுத்து மணி மணியாக இருந்தது. என்னுடையது.

ஆமாம், புகார் கொடுத்தவனும் நான்தான், அகப்பட்டுக்கொண்டவனும் நான்தான்.

எங்களுடையது திண்டிவனத்தை ஒட்டிய சின்ன ஊர். (பெயர் வேண்டாம். அந்த அலுவலகத்தில் என்னைப் பார்த்தால் இன்னும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.) திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே வாடகை மின் ஸ்கூட்டர்கள் வந்தன. செல்போனால் ஸ்கேன் செய்து எடுக்கலாம், வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போகலாம். எங்கே விடுவது என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஊர் நூலக வாசல், ரேஷன் கடைப் படி, ஒருமுறை சுடுகாட்டு மதிலோரம் (போனவர் எப்படித் திரும்பினார் என்பது தெரியவில்லை). கண்டதையெல்லாம் நாள், கிழமை, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதினேன். இவற்றை ஒழுங்குபடுத்த உள்ளாட்சிக்கு என்ன அதிகாரம் உண்டு என்று கிடைத்த சட்டப் புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். அரைகுறையாகச் சட்டம் படித்தவனைக் கல்யாண வீட்டில் சேர்க்கக் கூடாது. என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

தங்கை வசந்தாவின் மகள் காயத்ரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விழுப்புரம். வியாழக்கிழமை பந்தக்கால், முகூர்த்தம் 10.30 முதல் 11.30 வரை. எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன்தான் நட வேண்டும், அதுவும் வீட்டு வாசலின் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில்தான் நட வேண்டும். தெருவுக்குச் சிமென்ட் போட்டபோது வசந்தா கான்ட்ராக்டரோடு சண்டை போட்டு, அந்த மூலையில் மட்டும் இரண்டடி மண்ணை விட்டுவைக்கச் சொல்லியிருந்தாள். வியாழன் காலை 9.40க்குப் போய்ப் பார்த்தால், அந்த மண்ணில் ஒரு பச்சை ஸ்கூட்டர் நிற்கிறது.

பந்தல் மேஸ்திரி முனுசாமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "இன்னா சார் யோசனை? நாலு பேரு புடிச்சித் தூக்கி அப்பால வெச்சா தீர்ந்துச்சு."

தொட்டார்கள். வண்டி ஊரையே கூப்பிட்டது.

"கை வைக்காதீங்க! அடுத்தவர் உடைமை. அப்புறப்படுத்தும் அதிகாரம் பேரூராட்சிக்குத்தான்" என்றேன் நான். (இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.)

"பேஜாரு புடிச்ச மன்சன்" என்று முனுசாமி கடப்பாரையிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

10.05க்கு அலுவலகத்தில் இருந்தேன். எழுத்தர் பொறுமைசாலி.

"வண்டி ஓடுதா சார், நிக்கிதா?"

"நிக்குது."

"ஓடினா ஆர்.டி.ஓ. ரோட்டு மேல நின்னா போலீசு. ரோட்டோரம் மண்ணுல நின்னா நாங்க. எதுல நிக்கிது?"

"முன்சக்கரம் மண்ணில். பின்சக்கரம் சிமென்ட்டில்."

அவர் பேனாவை மூடி வைத்தார். நான் விடவில்லை. வரைபடம் போட்டேன், வடக்கு திசையைக் குறித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். பெரும்பாகம் மண்ணில்தான் நிற்கிறது என்று 10.50க்கு முடிவானது.

"போன கூட்டத்துலதான் இதுக்குத் தீர்மானம் போட்டாங்க. நோட்டீஸ் விடலாம். இன்னும் யாருக்கும் விடல, நீங்கதான் மொத மனு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆனா வண்டிக்கு விட முடியாது சார். நிறுத்துன ஆளுக்குத்தான். பேரு?"

"தெரியாது."

"வண்டி நம்பர் குடுத்துட்டுப் போங்க. கம்பெனியில கேட்டுக்கறோம்."

மனு எழுதும்போதே வசந்தாவின் போன். "ண்ணா, எங்க கீற?"

"அதிகார வரம்பு பத்திப் பேசிக்கினு இருக்கேன்மா."

"இங்க ஒம்போது சுமங்கலிங்க மஞ்சத் தண்ணியோட வெயில்ல நிக்கறாங்க! ஜல்தியா வா. இல்லன்னா அந்த ஸ்கூட்டரையே தாய்மாமனா நிக்க வெச்சி நட்டுருவேன்!"

அவள் செய்யக்கூடியவள். மனுவில் கையெழுத்துப் போட்டு, நேரம் 11.02 என்று எழுதிவிட்டு ஓடினேன்.

வீட்டில் எல்லாரும் கடிகாரத்தைக் காட்டினார்கள். காயத்ரி மட்டும் வாசலுக்கு வந்தாள். "மாமா, ஸ்கேன் பண்ணா தொறந்துக்கும். தள்ளிடலாம்." இது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் செயலியை என் போனில் இறக்கினோம். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னது. முகத்தைக் காட்டச் சொன்னது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. வியர்வையில் நான் என்று நம்ப மறுத்தது. ஒரு சுமங்கலி முந்தானையால் துடைத்துவிட்டார், பிறகு நம்பியது. 11.24க்குப் பூட்டுத் திறந்தது. ஸ்டாண்டு மட்டும் அசையவில்லை.

"அது டைட்டு மாமா. இடது பக்கமா ஒதைச்சாத்தான் வரும்" என்றாள் காயத்ரி.

உதைத்தேன், வந்தது. நாலடி தள்ளி, கால்வாய்ப் பலகை மேல் நிறுத்தி, செயலி கேட்டபடி நான்கு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினேன். 11.28க்குப் பந்தக்கால் நட்டேன். வசந்தா அழுதாள். மகிழ்ச்சியா ஆத்திரமா என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

அந்தக் கால்வாய்ப் பலகை சட்டப்படி பொதுப் பாதை. பேரூராட்சி அன்று மாலையே கம்பெனியிடம் கேட்டது. கடைசியாக நிறுத்தியவரின் பெயரையும், நான்கு பக்கப் படங்களையும் கம்பெனி கொடுத்தது. எங்கள் ஊரில் அந்த அதிகாரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது என்மீதுதான். உள்ளாட்சி விழித்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடம் குறிப்பேட்டில் எழுதியவன் நான், குறை சொல்ல வாயில்லை.

ஸ்கூட்டரைச் சுற்றியே பந்தல் எழும்பியது. கல்யாண ஆல்பத்தில் பதினோரு படங்களில் அது இருக்கிறது, நான் நான்கில். இன்றும் வீட்டில் பெட்டியோ பாயோ வழியில் கிடந்தால் வசந்தா கேட்பாள்: "ண்ணா, இது முழுசா மண்ணுல கீதா? இல்ல படம் போட்டுப் பாக்கணுமா?"

ஒரு விவரம் மட்டும் பாக்கி. புதன்கிழமை மாலை அந்த வண்டியை அங்கே விட்டது யார்? கம்பெனி சொல்ல மறுத்துவிட்டது. ஸ்டாண்டு விஷயம் காயத்ரிக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு உறைக்கவே எட்டு மாதம் ஆனது. பொங்கலுக்கு வந்திருந்த மாப்பிள்ளையிடம், "அந்த ஸ்கூட்டரை யார் நிறுத்தியிருப்பாங்கன்னு நினைக்கறீங்க?" என்று பொதுவாகத்தான் கேட்டேன்.

"புதன்கிழமை நான் விழுப்புரத்த வுட்டே கெளம்பல மாமா" என்றார்.

நான் கிழமையைச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று குறித்திருக்கிறேன்.