பின்னால் போகாத லாரி

மோட்டார் லாரிக்குப் பிண்ணாக்கு வைத்து வளர்த்த மனிதர் இந்தப் பினாங்குத் தீவிலேயே எங்கள் லாரி அண்ணன் ஒருவர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்லத் தயார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், “லாரின்னு கூப்பிடுங்க, வருவேன்” என்பார். பிராங்கின் கால்வாயில் தொங்கான் படகுகளில் வந்து இறங்கும் பாக்காவ் எனும் சதுப்பு மர விறகை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். யாரோ ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் லாரி கடலோரத்தில் குப்புற விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து உயிரை விட்டிருந்தது. அதன் எலும்புக்கூட்டை வாங்கிவந்து, என்ஜின் இருந்த இடத்தில் ஒரு காளையைப் பூட்டினார். காளைக்கு ‘என்ஜின்’ என்றே பெயரும் வைத்தார். பின்னால் ரிக்‌ஷாச் சக்கரம் இரண்டு போட்டு இன்னொரு குட்டி வண்டியையும் கோத்துக்கொண்டார்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் எதுவும் திரும்பாது. ஆனாலும் தெருமுனை வந்தால் வலக்கையால் அதை அழகாகச் சுற்றுவார். இடக்கை யாருக்கும் தெரியாமல் மூக்கணாங்கயிற்றை இழுக்கும். பெட்ரோல் கடையில் நிறுத்தி, “என்ஜின் சூடாயிருச்சு, ஒரு வாளி தண்ணி குடுங்க” என்று கேட்பார். அந்தத் தண்ணீரை என்ஜின் நின்றபடியே உறிஞ்சிக் குடிக்கும்.

போலீஸ்காரர் மாட்டுவண்டி லைசென்ஸ் கேட்டால், “ஐயா, ஹாரனைப் பாருங்க, இது லாரி” என்பார். லாரி லைசென்ஸ் கேட்டால், “மாட்டைப் பாருங்கய்யா, லாரி மாதிரியா தெரியுது?” என்பார். ஒருநாள் அந்தப் போலீஸ்காரர் விவரமாக இரண்டையும் சேர்த்தே கேட்டுவிட்டார். அண்ணன் நிதானமாக இறங்கினார். காளையை அவிழ்த்து மரத்தில் கட்டினார். ஹாரனைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். “இப்ப ரெண்டுமே இல்லை லா. வெறும் பலகைதான் கிடக்கு” என்றார். போலீஸ்காரர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அந்தப் பலகைகள் சாதாரணப் பலகைகள் அல்ல. நல்ல தேக்கு. தினமும் காலையில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல வைத்திருந்தார். தம் தலைக்கு அவர் எண்ணெய் வைத்து நான் பார்த்ததில்லை.

லாரிக்கு ஒரே ஒரு குறை. பின்னால் போகாது. ஒருமுறை முயன்றதில் குட்டி வண்டி குறுக்கே மடங்கி, ஒரு கோப்பிக்கடைக்குள் புகுந்து இரண்டு மேசைகளுக்கு நடுவே போய் நின்றது. அன்றோடு பின்வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். வீட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். “சுத்தி வர்றேன்” என்று கையைக் காட்டிவிட்டு, நாலைந்து தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்ப வருவார். எங்கள் தெருப் பெண்கள் அவர் தாண்டிப் போனதும் உள்ளே போய்த் துணி துவைத்து உலர்த்திவிட்டு வாசலுக்கு வருவார்கள். நேரம் சரியாக இருக்கும்.

என் தங்கை கல்யாணத்துக்கும் அவரிடம்தான் விறகு சொல்லியிருந்தேன். அப்பா இல்லாத வீடு. துறைமுகக் கிட்டங்கியில் நான் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து நடத்திய கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கடலுக்கு அக்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் குடையும் கையுமாகவே இருந்தார். தாலி கட்டி முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, மத்தியான ஃபெர்ரிக்கு நாங்க கிளம்பணும். பந்தி உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லிருங்க.”

சாப்பிடாமல் சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போனால், அந்தப் பேச்சைத் தங்கை ஆயுசுக்கும் கேட்கவேண்டும். அடுப்படியிலோ விறகு இல்லை. தொங்கான் தாமதமாக வந்ததால் முந்தின நாள் வரவேண்டிய விறகு இன்னும் வரவில்லை. சமையல்காரப் பண்டாரி அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை என்ஜின் பார்த்துவிட்டது. குலையோடு நிற்கும் மரத்தின் மேல் அது பாய, “கல்யாண வாழைடா, கடிக்காதே” என்று அண்ணன் கயிற்றை ஒரே சுண்டாகச் சுண்டினார். வாழை பிழைத்தது. லாரி வாசலைத் தாண்டிவிட்டது.

பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். “அண்ணே, இங்கேயே இறக்கிருங்க, ஆள் வச்சுத் தூக்கிக்கிறோம்.”

“கல்யாண விறகை நடுத்தெருவில இறக்குறதா? வாசல்ல இறக்குறதுதான் லாரிக்கு மரியாதை, கிராணி. சுத்தி வர்றேன்.”

அவர் முனை திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது? சுற்றி வந்து அவர் இறக்கியபோது விறகிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பண்டாரி ஊதி ஊதிப் பார்த்தார். புகை பந்தல் முழுக்கப் பரவியது. மணமக்கள் கண்ணைக் கசக்கினார்கள்.

“இது விறகு இல்ல கிராணி, கீரைத்தண்டு” என்றார் பண்டாரி.

தாய்மாமன் குடையை விரித்தார். மணையில் உட்கார்ந்திருந்த தங்கை என்னைப் பார்த்தாள். புகையால் வந்த கண்ணீரா அது என்று எனக்குத் தெரியாதா?

அண்ணன் அடுப்பைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மடார் மடார் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், லாரியின் பக்கப் பலகையைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த தேக்கு. மழைத் தண்ணீர் அதன் மேல் உருண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. அடுப்பில் வைத்ததும் குப்பென்று பிடித்தது. முதலில் பக்கப் பலகை, அப்புறம் தளம், அப்புறம் குட்டி வண்டி, கடைசியில் அவர் உட்காரும் ஆசனப் பலகை. அந்தத் தீயில்தான் சோறு வெந்தது, சாம்பார் கொதித்தது, பாயசமும் ஆயிற்று. தாய்மாமன் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்று முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

பந்தி முடிந்து வெளியே வந்தால், சட்டமும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும் மழையில் நின்றன. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, “புதுப் பலகை போட்டுத் தர்றேன்ணே” என்றேன்.

“அது தங்கச்சிக்கு நான் வச்ச மொய். மொய்யைத் திருப்பிக் குடுக்குற வழக்கம் உங்க வீட்டுல இருக்கா?” என்று கேட்டுவிட்டு ஹாரனைத் துடைக்க ஆரம்பித்தார்.

தங்கைக்கு என்னைவிடப் புத்தி அதிகம். தானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்த மணைப்பலகையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “மொய் வச்சவங்களுக்குத் தாம்பூலம் குடுக்கணும்லண்ணே. இது உங்களுக்கு” என்றாள். அதை மட்டும் மறுக்க அவருக்குத் தெரியவில்லை.

மற்றப் பலகைகளை அவர் அங்கே இங்கே தேடிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டார். ஆசனம் மட்டும் கடைசிவரை அந்த மணைதான். செம்மண் பட்டையும் மாக்கோலமுமாக, எங்கள் தங்கையின் மணையில் ராஜா மாதிரி உட்கார்ந்து ஊரைச் சுற்றினார். பிறை வண்டிக்காரர்கள் மூலம் தங்கையின் நலம் விசாரிப்பார். எங்கள் வாசல் வந்தால், விறகு இல்லாத நாளிலும் ஒரு ஹாரன் உண்டு.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அந்த ஹாரன் கேட்கவில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று பிராங்கினில் சொன்னார்கள். தங்கையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஃபெர்ரி ஏறிப் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டாள்.

பிறகு, “நம்ம வாசலைத் தாண்டிட்டாங்க, அவ்வளவுதானேண்ணே” என்றாள். “சுத்தி வருவாங்க.”