கண்ணாடி அண்ணன் உட்கார்ந்த நாற்காலி

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரிலும் தன் பின்பக்கத்தைக் கண்ணாடி அண்ணன் அளவுக்குப் பார்த்த மனிதர் கிடையாது. விடிந்ததும் நாமெல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடியை அவர் இடுப்புக்குக் கீழே கொண்டுபோவார். கிணற்று வேலையில் விழுந்து முதுகெலும்பு போனவர். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. புண் வந்தால் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தன் கால்களுக்கு மாமனார், மாமியார் என்று பெயர் வைத்திருந்தார். கல்யாணமே ஆகாதவர். "வூட்டுல வந்து உக்காந்துட்டாங்க. ஒரு வேலை செய்ய மாட்டாங்க. ஆனா மனசு கோணிச்சுன்னா நம்மள மாசக்கணக்குல படுக்க வச்சிருவாங்க" என்பார்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, போலியோ காலுடன் மூன்று சக்கர வண்டியில் ஊர் ஊராக லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தவர், சீட்டு வாங்கவில்லை. என் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் மைதானத்துக்கு வரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆட இப்படிப் பிடித்த ஆட்கள் அவரோடு சேர்த்து ஐந்து பேர். மற்ற நால்வரும் இருபதைத் தொடாதவர்கள், எல்லோரும் போலியோ. கால் சூம்பினாலும் எங்களுக்கு உணர்ச்சி உண்டு.

நாற்காலிகள் ஏதோ ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்டவை. இரும்பு. பின்னாலிருந்து ஆள் தள்ளுவதற்கென்று செய்ததால் சக்கரத்தில் கைப்பிடி வளையம் இல்லை, டயரையே தள்ள வேண்டும். முதல் வாரத்தில் உள்ளங்கைத் தோல் மைதானத்துக்குப் போய்விட்டது. சட்டென்று நிறுத்தினால் உடம்பு மட்டும் முன்னால் போகும் என்பதால் இடுப்பை வேட்டியால் கட்டிக்கொள்வோம். கூடைக்குப் பந்து எறியக் கால் உதவாது, முழுக்கத் தோள்தான். ராத்திரி சோறு பிசைந்த கை வாய்வரை வராது. வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனோம். எங்களில் ஒருவனான லப்பைக்குடிக்காடு ரபீக்கின் அத்தா துபாயிலிருந்து அனுப்பிய தைலமெல்லாம் எங்கள் தோளில்தான் தீர்ந்தது.

உட்கார்ந்தே இருந்தால் புண் வரும் என்று அண்ணனுக்கு ஓயாத பயம். பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பெரம்பலூரில் ஹாரன் எப்போது ஓய்ந்தது? பாதி ஆட்டம் அந்தரத்தில்தான் நடந்தது.

இன்னொரு பயம் தண்ணீர். எந்த மைதானத்திலும் எங்கள் நாற்காலி நுழைகிற கக்கூஸ் இல்லை. அதனால் ஆட்டத்தன்று காலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டோம். அவர் பானையோடு துரத்துவார். "மூத்திரம் வந்தா நான் பாத்துக்கறேன். மயக்கம் வந்தா யாருடா பாத்துக்கறது?"

அந்தப் பானைதான் வினையானது. அரியலூர் அணியோடு ஆட்டம். ஜெயித்தால் திருச்சியில் ஆடலாம். எங்களில் குறி தப்பாமல் எறிபவர் அண்ணன் ஒருவர்தான். ஒரு வருஷமாக அந்த நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் மினி லாரியில் போனோம். வழியில் பானை ஆடி, புண்ணுக்குப் பயந்து அவர் நாற்காலியில் மட்டும் போட்டிருந்த மெத்தை தொப்பலாகிவிட்டது. இறங்கியதும் அதைக் காயப் போட்டுவிட்டு, வெறும் கறுப்பு ரெக்சின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்.

நாங்களும் உட்கார்ந்தோம். உட்கார்ந்த வேகத்தில் கையை ஊன்றி எழும்பினோம். ரபீக் ஊரிலுள்ள தர்கா அவுலியாக்களையெல்லாம் கூப்பிட்டான். அண்ணன் மட்டும் ராஜா மாதிரி அமர்ந்திருந்தார்.

"அண்ணன் நாற்காலிக்கு மட்டும் ஏசி போட்டிருக்காங்கடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தபடி, "ஹாரனே அடிக்கல, ஏன்டா தூக்குறீங்க?" என்றார்.

"சீட்டு சுடுதுண்ணே."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் குனிந்து தன் மடியைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"ரொம்ப சுடுதாடா?"

உடனே அவரை இறக்கிப் படுக்கவைத்து, வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பின்பக்கத்தில், மாமியார் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. மேலே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதோடு உட்கார்ந்து ஆடினால் தோல் உரிந்துவிடும். உரிந்தால் எலும்புவரை போகும் என்று அவரே எங்களுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார்.

"ஒரு அரை மணி நேரம்டா. ஆடிட்டுப் படுத்துக்கறேன்" என்றார். குரல் கெஞ்சியது. அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை.

அவருடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எட்டப் போனேன். "நீங்க எந்திரிச்சு வந்து எடுத்துக்கங்கண்ணே" என்றேன். எங்களுக்குள் அப்படிப் பேசிக்கொள்ளலாம்.

நீளமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு என் லுங்கியை விரித்துக் கோட்டோரமாகக் குப்புறப் படுத்தார். நால்வரே ஆடினோம். மோவாய் மண்ணில் பட, முழு ஆட்டத்துக்கும் கத்தித் தீர்த்தார். "தோளைத் தூக்காத, முழங்கையை மடக்கு, தண்ணி குடிடா சனியனே." தோற்றோம். அந்த வருஷம் திருச்சி இல்லை.

திரும்பும்போது லாரியில் குப்புறக் கிடந்தவர், பாதி வழியில், "மாமியார் கோவிச்சுக்கிட்டாங்களா, பாரு" என்றார். பார்த்தேன். கொப்புளம் எழும்பியிருந்தது. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

உடைந்து புண்ணாகுமோ என்று தினம் பயந்தோம். ஆனி பிறந்து வெகுநாள் வரை குப்புறவே கிடந்தார். கடைசியில் ஆறியது. அவர் மறுபடி உட்கார்ந்த அன்று, முதலில் என் புறங்கையை நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது என் வேலையாகிவிட்டது.

அப்புறம் நான் எந்தெந்த ஊருக்கோ போய்விட்டேன். இன்றும் வெயிலில் நின்ற பஸ்ஸில் ஏறினால் கை தானாகப் போய் சீட்டைத் தொடுகிறது. பக்கத்தில் இருப்பவர், "உக்காருங்க, யாரும் எடம் போட்டு வைக்கலீங்க" என்பார். அண்ணனுக்காகப் போட்டு வைத்திருப்பது நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?