சர்க்கரையைக் குறைத்த பாட்டு மென்பொருள்

திருவிடந்தைக் கடற்கரை விடுதியில் அந்த ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. வாசலில் கார்கள்; அவற்றுக்குப் பின்னால், சாலைவரை, இன்னும் கார்கள். இறங்கி வந்தவர்களில் பாதிப் பேர் கணினியைக் கரைத்துக் குடித்தவர்கள். நாவலூரில் உட்கார்ந்து அமெரிக்க வங்கிகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள். அலுவலகத்தில் ஆதாரம் இல்லாமல் ஒரு காற்புள்ளியைக்கூட நம்பமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூளைக்கும் விடுமுறை போலும்.

மேடையில் நாதயோகி காசிநாதன் நின்றார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் ஸ்படிக மாலை, எதிரே சந்தனப் பொட்டு வைத்த மடிக்கணினி. பொட்டு யோகிக்கா கணினிக்கா என்று குழம்ப வேண்டாம், இருவருக்கும்தான்.

"அன்பர்களே! கணினியில் பாட்டைச் சேர்த்து வைக்கிறீர்கள். கம்பியில்லாமல் அறைக்கு அறை கேட்கிறீர்கள். ஆனால் கேட்பது என்ன? சத்தம்! வெறும் சத்தம்!"

கூட்டம் தலையைக் குனிந்தது. இத்தனை நாளும் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிய வெட்கம்!

அவர் விற்றது 'நாத கவசம்' என்ற மென்பொருள். வீட்டில் உள்ளவர்களின் நட்சத்திரத்தைக் கொடுத்தால் பாட்டுகளை அதன்படி அடுக்கும். ராகு காலத்தில் ஆகாத ராகத்தைத் தானே நிறுத்தும். சர்க்கரை, மூட்டுவலி, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் தீரும். முதலில் ஒரு பாட்டைச் சாதாரண மென்பொருளில் ஓடவிட்டார். பிறகு அதையே கவசத்தில். திரையில் தங்கத் தாமரை விரிந்தது; பாட்டு பொங்கி எழுந்தது. முன்வரிசையில் ஒரு மேலாளர் விசும்பினார். மேலாளர் அழுதால் குழுவும் அழவேண்டாமா?

கூடுவாஞ்சேரி ஜெயந்தும் அழுதான். பக்கத்தில் இருந்த அம்மா பாலாம்பாள், "முழங்கால்ல என்னமோ இறங்கறதுடா" என்றாள். அன்றே, வாங்கும்வரை ஓட்டிப் பார்க்க, முன்னோட்டப் பிரதி வீட்டுக்கு வந்தது.

ஜெயந்தின் மனைவி சுப்ரஜா கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "நம்மகிட்ட இருக்கற சாஃப்ட்வேர் இலவசம். பாட்டை அடுக்கறது, ரூமுக்கு ரூம் அனுப்பறது. இது புதுசா என்ன பண்றது?"

"ஃபீல் பண்ணிப் பாரு, சுப்ரஜா."

"அதுக்கு ஒரு மாச வீட்டுத் தவணையைக் குடுக்கணுமா?"

ஜெயந்த் கவசத்தை மறுபடி ஓடவிட்டான். அவன் சொன்னது பொய் இல்லை. அவனுக்கு நிஜமாகவே ஏதோ உருகியது. காலையில் கவசம் பாடினால் அலுவலகத்தில் மேலாளர் சிரிக்கிறார். மாலையில் பாடினால் ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது. இடம் கிடைக்காத நாட்களை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வாரம் சுப்ரஜா மாமியாரின் படுக்கையை உதறினாள். தலையணைக்கு அடியிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அம்மா, இது என்ன?"

"யோகி சொன்னாரே, மாத்திரையும் நாதமும் ஒண்ணோட ஒண்ணு மோதுமாம். எனக்கு இப்போ தேவலையாத்தான் இருக்கு." சொல்லிக்கொண்டே எழுந்தவள் தலைசுற்றிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

சுப்ரஜா கத்தவில்லை. கத்தினால் 'மாமியார் மருமகள் சண்டை' என்ற தலைப்பில் கவசத்துக்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைப்பார். அவர்கள் அடுக்ககத்துப் பொதுக்கூடத்தில் சனிக்கிழமை காசிநாதன் விற்பனைக்கு வருவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவள் காத்திருந்தாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பியது. ஜெயந்த் காசோலையோடு முதல் நாற்காலியில். தாமரை விரிந்தது, பாட்டு பொங்கியது, கண்கள் நனைந்தன. அப்போது சுப்ரஜா எழுந்தாள்.

"சார், ஒரு சின்ன ஆசை. திரையை எங்களுக்குக் காட்டாம போடுங்க. எது கவசம்னு காதாலயே கண்டுபிடிக்கறோம். கண்டுபிடிச்சா எங்க வீட்டுக்கு ரெண்டு வாங்கறேன்."

மறுத்தால் இத்தனை பேர் முன் அசிங்கம். காசிநாதன் சிரித்தார். "தாராளமாக, தாயே."

கீழ்வீட்டு ஆல்வின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். ஒலி அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சுப்ரஜா சொன்னபோது யோகியின் சிரிப்பு லேசாகச் சுருங்கியது. ஆல்வின் ஒலி அளவை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு நாணயத்தைச் சுண்டினான். பூ விழுந்தால் கவசம், தலை விழுந்தால் இலவசம். பாட்டு எழுந்தது.

காசிநாதன் கண்ணை மூடினார். "ஆகா! நாதம் இறங்குகிறது!"

கவசம்தான் என்று கூடமே கை தூக்கியது. ஜெயந்துக்கு உடம்பு சிலிர்த்தது. பாலாம்பாள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

ஆல்வின் திரையைத் திருப்பினான். தாமரையைக் காணோம், இலவச மென்பொருளின் சாம்பல் நிறப் பெட்டி.

"அவசரப்பட்டுட்டார். இன்னொரு வாட்டி" என்று யாரோ காப்பாற்றினார்கள். நாணயம் மறுபடி சுண்டப்பட்டது. இம்முறை யோகி உஷாரானார். சிறிது கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். "நிறுத்துங்கள்! இது சத்தம். வெறும் குப்பை!"

திரை திரும்பியது. நடுவில் தங்கத் தாமரை ஜம்மென்று விரிந்திருந்தது.

பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. அழுத கண்கள் அனைத்தும் இப்போது சிரித்து நனைந்தன.

"அவநம்பிக்கை உள்ளவர் இருக்கும் இடத்தில் நாதம் ஒளிந்துகொள்ளும்!" என்றார் காசிநாதன்.

"ஒளியறது நாதம் இல்ல" என்றாள் சுப்ரஜா. கவசத்தை மூடி மறுபடி திறக்கச் சொன்னாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தாமரை விரிய விரிய, மூலையில் ஒலி அளவுக் கோடு தானாகவே மேலே ஏறியது. "சத்தத்தைக் கூட்டினா எந்தப் பாட்டும் பொங்கும். இதுதான் கவசம். இதை நம்பி எங்க அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க."

யோகியின் செந்தமிழ் அந்த இடத்தில் அறுந்தது. "இன்னாம்மா இது, பொயப்பக் கெடுக்கற! நானா மாத்திரைய புடுங்கினேன்? இஷ்டம்னா வாங்கு, இல்லாங்காட்டி வுடு!"

"இன்னா அண்ணாத்த, நாதம் எறங்கிக்கினு போயிடுச்சா?" என்றான் ஆல்வின்.

காசிநாதன் கணினியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பணத்தைக் கேட்டு அவருடைய காரைச் சுற்றினார்கள்.

ஜெயந்த் காசோலையைக் கிழித்தான். பணம் தப்பியது, ஆனால் சிலிர்த்தது அவன் உடம்புதானே? அம்மாவின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தான். "டாக்டர்கிட்ட போலாம்மா. தப்பு என்னோடது. நான்தான் உன்னை அங்க அழைச்சிண்டு போனேன்."

"அப்போ என் முழங்கால்?" என்றாள் பாலாம்பாள், குழந்தை மாதிரி.

"பாட்டு கேட்டா மனசுக்கு நன்னா இருக்கும்மா. கேளுங்கோ, தினமும் போடறேன்" என்று சுப்ரஜா அவள் கையைப் பிடித்தாள். "மாத்திரையையும் போட்டுக்கோங்கோ."

அன்று மாலை பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. மருத்துவர் திட்டிய திட்டை ஜெயந்த் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். வீட்டில் இலவச மென்பொருளே தொடர்ந்து பாடியது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

காசிநாதன் சும்மா இல்லை. செங்கல்பட்டில் இப்போது கைப்பேசிக்கு ஏற்ற கவசம் விற்கிறாராம். மண்டபம் நிரம்பி வழிகிறதாம். வழியட்டும். இரண்டு காதுகளும் அவற்றுக்கு நடுவே உள்ளதும் பிறக்கும்போதே இலவசமாக வந்தவை. காதுகளை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நடுவில் இருப்பதைத்தான் உறை பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள்.