வாயிற்குழாய் வேண்டா

எளிய தமிழில் எழுதுவது பதிகங்களில் ஊறிய நாவுக்கு இழுக்கு என்று எழுபது வயதுவரை நம்பியிருந்தவன் நான். (எழுபத்தோராவது வயதில் ஒரு பிளம்பர் வந்து அந்த நம்பிக்கையைக் கழற்றி எடுத்துச் சென்றார்.)

என் மனைவி கடலூர் மருத்துவமனையொன்றில், வாயில் குழாயுடன் ஒன்பது நாள் கிடந்தாள். என்னைக் கண்டால் உதடுகள் அசையும். ஏதோ சொல்ல வந்தாள், குழாய் விடவில்லை. சொல்லாமலே போய்விட்டாள். தில்லைக் கூத்தனிடம் நான் முத்தி கேட்பதில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் இன்றும் கேட்கிறேன்.

எனக்கும் அந்நிலை வரலாகாது என்று, என் சிகிச்சை விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைத்தேன். நான்கடியில் ஒரு விருத்தம். அதன் உயிர்நிலை, 'வாயிற்குழாய் வேண்டா' என்னும் தொடர். ஓசை நயத்தை நானே மெச்சிக்கொண்டு உறையிலிட்டேன். 'எனக்கு முடியாமற்போனால் பிரிக்கவும்' என மேலே எழுதிச் சிதம்பரத்திலிருக்கும் மருமகனிடம் கொடுத்தேன்.

மார்கழித் திருவாதிரையன்று, தில்லைச் சந்நிதியில் விரதக் களைப்பால் மயங்கி விழுந்தேன். மூன்று நாள் மருத்துவமனை வாசம். கலங்கிப்போன மருமகன் உறையைப் பிரித்திருக்கிறார்.

மகளும் மருமகனும் என்னைக் கடலூரிலுள்ள என் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். கால் கழுவ வாசற்குழாயைத் தேடினேன். அவ்விடத்தில் புதுச் சிமெண்டுப் பூச்சு.

"குழாய் எங்க மாப்பிள்ளை?"

"நீங்க எழுதுன மாதிரியே ஆள வச்சி எடுத்துட்டேன் மாமா. வழுக்கி வுழுந்துடுவோம்னு பயந்து எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அது வாசல் இல்ல மாப்பிள்ளை, வாய்!"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "உயிர் போற சமாச்சாரத்துல பாட்டாப்பா? டாக்டர் இத வச்சி என்ன பண்ணுவாரு? பிளம்பருக்கு ஃபோன் போடுவாரா?"

சிரித்த பிறகுதான் உறைத்தது. அன்று மயக்கம் தெளியாதிருந்தால் என் வாயிலும் அதே குழாய். அறைக்கு வெளியே, வாசற்குழாயை எடுத்துக் கடமையை முடித்துவிட்ட நிம்மதியில் மருமகன் நின்றிருப்பார்.

மகளே உட்கார்ந்து எழுதினாள்: "எங்கப்பா பொழைக்க வழியில்லன்னா வாய்ல ட்யூப் வுடாதீங்க. வலியில்லாம பாத்துக்குங்க. அவரு பேசணும்." நானும் சாட்சிகள் இருவரும் கையெழுத்திட்டோம், நோட்டரி முத்திரையும் விழுந்தது.

இன்றும் நான் இருமினால், "மாமா, டாக்டரா, பிளம்பரா?" என்கிறார் மருமகன். மகளோ ஞாயிறுதோறும் ஃபோனில், "கடைசியா சொல்லவேண்டியத இப்பவே சொல்லிடுப்பா" என்று சீண்டுகிறாள். இத்தனை பதிகங்கள் மனப்பாடமிருந்தும் என் வாயில் வருவது ஒன்றுதான்: "சாப்டியாம்மா?"

என் மனைவியும் இதைத்தான் கேட்க வந்தாளோ?