சீர் சாமானில் ஓர் உஷ்ணமானி

"ஆத்தா, அந்தக் கண்ணாடிக் குச்சியை மட்டுமாவது குடுத்துருங்க" என்று தண்டாயுதபாணி கெஞ்சினான்.

"எதை எடுத்தாலும் அந்த இடம் பல்லு விழுந்த மாதிரி தெரியும். போடா அங்குட்டு" என்றாள் அவன் தாய் மெய்யம்மை ஆச்சி.

மறுநாள் தங்கை நாகவல்லிக்குக் கல்யாணம். காரைக்குடி வீட்டின் உள்முற்றமான வளவு முழுக்கச் சீர் சாமான் பரப்பியிருந்தது. வெள்ளிக் குடத்துக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே குடுவை, ஸ்பிரிட் விளக்கு, வளைந்த கண்ணாடிக் குழாய், உஷ்ணமானி எல்லாம் பட்டுத் துணிமேல் வீற்றிருந்தன. தண்டாயுதபாணி குன்றக்குடிக்குப் போய்ப் பிரசாதம் வாங்கி வருவதற்குள் அவன் தருவித்திருந்த பெட்டி வந்துவிட்டது. அதில் 'ஜெர்மனி' என்று எழுதியிருப்பதை யாரோ படித்துச் சொன்னார்கள். கல்யாண வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து பெட்டி வந்தால் அது வேறு எதற்கு வரும்? ஆச்சி மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பட்டணத்தில் ரசாயனம் படித்துவிட்டு வந்தவன், மாடி அறையில் மாதக்கணக்கில் புகை கிளப்பி, தலைவலி மருந்து என்று ஒரு வெள்ளைப் பொடி செய்திருந்தான். அது சுத்தச் சரக்குதானா என்று பார்க்க, மெல்லிய கண்ணாடிக் குழலில் ஒரு சிட்டிகை அடைத்து, உஷ்ணமானியோடு கட்டி, எண்ணெயில் சூடேற்ற வேண்டும். நூற்று முப்பத்தைந்து டிகிரியில் சட்டென்று உருகினால் சுத்தம். முன்னாலேயே இளகினால் கலப்பு. சுத்தம் என்றால் பட்டணத்து மருந்துக் கம்பெனியில் வேலை. இல்லையென்றால், கல்யாணம் முடிந்த கையோடு பர்மாவில் மோல்மேன் ஊர்க் கடைக்குக் கப்பல்.

"மோல்மேன் கடையில உக்காந்தா தலைவலி தானா வரும், அப்ப உன் பொடியை நீயே தின்னுக்க" என்று தகப்பனாரான அப்பச்சி ஏற்கெனவே வாழ்த்திவிட்டார்.

மாலையில் சீர் பார்க்க ஒக்கூர்ச் சம்பந்தி முத்தழகு ஆச்சி வந்தாள். கூடவே அவள் வீட்டு வேலைக்காரி சோணையம்மாள். முத்தழகு ஆச்சி வெள்ளியைத் தாண்டினாள், பீங்கானைத் தாண்டினாள், உஷ்ணமானி முன்னால் நின்றாள்.

"இது என்ன தம்பி?"

உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்று தள்ளிவிடுவாள் என்பது தண்டாயுதபாணியின் கணக்கு. "மருந்து செய்யிற சாமான், ஆச்சி."

"மருந்தா? பொண்ணுக்கு என்ன சீக்கு?"

மெய்யம்மை ஆச்சி மகனைப் பார்த்த பார்வையில் அந்தப் பொடி அப்போதே உருகியிருக்கும்.

"சீக்கெல்லாம் இல்லை, ஆச்சி. இது... பன்னீர் காய்ச்சுறது."

"அப்படிச் சொல்லுங்க! காய்ச்சுங்க, பாப்போம். நாளைக்கு வாரவுகளுக்குத் தெளிக்கலாம். சோணை, அந்த ரோசாப்பூத் தட்டை இங்குட்டு எடுத்தா."

"ஏண்டா நிக்கிறே? காய்ச்சு!" என்றாள் மெய்யம்மை ஆச்சி.

தாய் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக அவன் அதுவரை கேட்டதில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றினான். மாடிக்கு ஓடிப் பொடியைக் கொண்டுவந்து குழலில் அடைத்து, உஷ்ணமானியோடு கட்டி, எண்ணெயில் இறக்கி விளக்கேற்றினான்.

"பன்னீருக்கு எண்ணெய் எதுக்கு தம்பி?"

"இது ஜெர்மன் முறை, ஆச்சி."

"குழலுக்குள்ள வெள்ளையா இருக்கே?"

"அது மணத்தைப் பிடிச்சு வைக்கிற பொடி."

"அடேயப்பா! எம்புட்டுப் படிச்சிருக்கீக!"

முத்தழகு ஆச்சி கன்னத்தில் கைவைத்துக் கதை கேட்பதுபோலக் கேட்டாள். கதவுக்குப் பின்னால் நாகவல்லி வாய்பொத்திச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிக்க அவளுக்குப் பிறகு ஆள் இல்லை.

நூற்று இருபது. பொடி அசையவில்லை. நூற்று முப்பது. கல்லாக நின்றது. நூற்று முப்பத்திரண்டு. மோல்மேன் அவன் கண்ணெதிரே கடலுக்குள் முழுகிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்றே டிகிரி.

"எல்லாஞ் சரி தம்பி, பூப் போடலையே" என்று சொல்லி முத்தழகு ஆச்சி, தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு கை ரோசாப்பூவை அள்ளி எண்ணெயில் போட்டாள்.

எண்ணெய் சீறிப் பொங்கியது. விளக்கு அணைந்தது. உஷ்ணமானி 'டிக்' என்று இரண்டாயிற்று; பாதரசம் பட்டுத் துணிமேல் உருண்டோடியது. குழல் பூவுக்குள் எங்கோ போயிற்று. நல்லவேளையாக யார்மேலும் எண்ணெய் தெறிக்கவில்லை. சேதம் ஓர் உத்தியோகம் மட்டும்தான்.

"சீர் சாமானை உடைச்சுட்டியேடா பாவி!" என்றாள் மெய்யம்மை ஆச்சி.

"கப்பலுக்குச் சொல்லிவிட்டுரட்டுமா?" என்று முகப்பிலிருந்து அப்பச்சியின் குரல் கேட்டது.

"உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது, சம்பந்தி. பிள்ளையை வையாதீக" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு முத்தழகு ஆச்சி பந்திக்குப் போனாள்.

தண்டாயுதபாணி குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினான். எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்த சோணையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"விசனப்படாதீக ஐயா. எங்க ஆச்சியோட மூத்த மகனும் இதே ஜெர்மன் சாமானை வாங்கி வச்சுக்கிட்டுப் பன்னீர்னுதான் சொன்னாக. அன்னைக்கும் ஆச்சிதான் பூ அள்ளிப் போட்டாக, இப்ப அந்த மகன் மோல்மேன் கடையில நல்லா இருக்காக."